ரெவிட்டில் பழைய டக்ட் அமைப்போடு புதிய கிளையை இணைப்பது: முழுமையான வழிகாட்டி

கட்டட மாடல் வரையும் மென்பொருளான ரெவிட்டில், புதிய டக்டைக் (காற்றுக் குழாயை) கொண்டுபோய்ப் பழைய மெயின் டக்டில் ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். பிளானில் பார்த்தால் இரண்டும் கச்சிதமாகச் சேர்ந்திருக்கும். பிறகு ஏ.ஹெச்.யூ.வை (டக்டுகளுக்குக் காற்றைத் தள்ளும் இயந்திரத்தை) கிளிக் செய்தால் காற்றோட்ட அளவு ஒரு லிட்டர்கூட மாறியிருக்காது. புதிதாக இணைப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ரெவிட்டில் இரண்டு டக்டுகளுக்கு இடையே மூன்று விதமான உறவு இருக்கலாம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது முதலாவது. கனெக்டரோடு (இணைப்பு முனையோடு) கனெக்டர் பூட்டியிருப்பது இரண்டாவது. இரண்டும் ஒரே சிஸ்டத்தின் (ஒரே காற்றோட்டக் கணக்கில் சேரும் தொகுதியின்) உறுப்பாக இருப்பது மூன்றாவது. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கீழே உள்ள படிகளின் வரிசை, இந்த மூன்றையும் தனித்தனியாக உறுதி செய்துகொண்டே போவதற்காக அமைந்தது.

எல்லாப் படிகளுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அலுவலகத் தளம் ஒன்றில் 800×300 மி.மீ. சப்ளை மெயின் (அறைகளுக்குக் காற்று கொண்டுபோகும் பிரதான டக்ட்) ஓடுகிறது. அதில் 12 டிஃப்யூசர்கள் (சீலிங்கில் காற்று வெளிவரும் வாய்கள்), ஒவ்வொன்றும் நொடிக்கு 100 லிட்டர், மொத்தம் 1200. ஏ.ஹெச்.யூ. தரக்கூடியது 1500. பழைய ஸ்டோர் அறையின் 2 டிஃப்யூசர்களை எடுத்துவிட்டு, புதிய கூட்ட அறைக்கு 4 டிஃப்யூசர்கள் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஏ.ஹெச்.யூ.வில் தெரிய வேண்டிய எண் 1400. இந்த எண்ணை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசியில் நம்மைக் காப்பாற்றப் போவது இதுதான்.

1. வரையத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பழைய டக்டின் உண்மையான அளவும் உயரமும் முதலில் வேண்டும். தளத்தில் டேப் வைத்து அளப்பவர்கள் பெரும்பாலும் இன்சுலேஷனோடு சேர்த்து அளந்துவிடுவார்கள். 25 மி.மீ. இன்சுலேஷன் சுற்றிய 800×300 டக்ட் வெளியே 850×350 ஆகத் தெரியும். அதை அப்படியே மாடலில் போட்டால், புதிய கிளையின் உயரத்தையும் தவறாகத் தேர்ந்தெடுப்பீர்கள், காற்றின் வேகமும் குறைவாகக் கணக்காகும். ரெவிட்டில் டக்டின் அளவு என்பது தகட்டின் அளவு. இன்சுலேஷன் தனியாக மேலே ஏறும். உள்ளே ஒலியடக்க லைனிங் இருந்தால் அதையும் தனியாகவே சேர்க்க வேண்டும், ஏனென்றால் காற்று போகும் இடத்தை அது குறைக்கிறது.

அடுத்து, பழைய டிஃப்யூசர் ஒவ்வொன்றின் காற்றோட்ட அளவு. பழைய கட்டட மாடல்களில் டிஃப்யூசரின் ஃப்ளோ பெரும்பாலும் பூஜ்யமாகவோ, ஃபேமிலியோடு (ரெவிட்டில் அந்தப் பொருளின் வார்ப்போடு) வந்த எண்ணாகவோ கிடக்கும். பேலன்சிங் அறிக்கை (தளத்தில் அளந்த காற்றோட்டங்களின் பதிவு) கிடைத்தால் அதிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) அளவில் இருந்தால் 2.12 ஆல் வகுத்தால் லிட்டர்/நொடி கிடைக்கும்.

ஏ.ஹெச்.யூ.வின் பெயர்ப்பலகையில் உள்ள அதிகபட்சக் காற்றோட்டமும் விசிறியின் வெளி அழுத்தமும் (டக்டுகளில் காற்றைத் தள்ள அது தரும் அழுத்தமும்) கடைசித் தேவை. மென்பொருளில் எவ்வளவு வேண்டுமானாலும் கிளைகள் சேர்க்கலாம், விசிறி தருவது அதன் அளவுக்குத்தான்.

2. பழைய அமைப்பு எந்தக் கோப்பில் இருக்கிறது?

இதைப் பார்க்காமல் தொடங்கி அரை நாளை வீணாக்குபவர்கள் நிறைய. பழைய டக்ட் லிங்க் செய்த மாடலில் இருந்தால், உங்கள் கோப்பிலிருந்து அதோடு கனெக்டர் இணைப்பு நடக்காது. கர்சர் அதன் கோட்டைப் பிடிக்கும், டக்டும் அதன் பக்கத்தில் போய் அழகாக நிற்கும், ஆனால் பூட்டு விழாது. ஏனென்றால் லிங்க் என்பது வேறொரு கோப்பின் படம் போல. உங்கள் கோப்பால் அதன் டக்டை வெட்டவோ அதன் சிஸ்டத்தில் உறுப்பு சேர்க்கவோ முடியாது.

வழிகள் இரண்டு. மெயினும் ஏ.ஹெச்.யூ.வும் உங்கள் பொறுப்பு என்றால், லிங்க் கோப்பைத் திறந்து அந்த நெட்வொர்க் முழுவதையும் காப்பி செய்து, உங்கள் கோப்பில் பேஸ்ட் அலைன்டு மூலம் அதே இடத்தில் ஒட்டுங்கள். முழு நெட்வொர்க்கையும் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு துண்டு மட்டும் எடுத்தால் ஏ.ஹெச்.யூ.வுடனான தொடர்பு அறுந்து, புதிய பெயரில் அநாதையாக ஒரு சிஸ்டம் உருவாகும். ஒட்டியதும் லிங்கில் உள்ள அதே டக்டுகளை வியூவில் மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே இடத்தில் இரண்டு டக்ட் தெரிந்து, எது உங்களுடையது என்று கடைசிவரை குழப்பம்தான்.

பழைய அமைப்பு வேறு குழுவின் பொறுப்பில் இருந்து, அதைத் தொடக்கூடாது என்றால், கனெக்டர் ஒன்று மட்டுமே உள்ள சின்ன மெக்கானிக்கல் எக்விப்மென்ட் ஃபேமிலி ஒன்றைச் செய்து இணைப்புப் புள்ளியில் நிறுத்துங்கள். உங்கள் கிளைக்கு அதுதான் ஏ.ஹெச்.யூ. போல நிற்கும். கிளையின் மொத்தக் காற்றோட்டம் அங்கே தெரியும். அந்த எண்ணை மற்ற குழுவுக்குக் கொடுத்தால் போதும்.

பலர் ஒரே மைய மாடலில் வேலை செய்யும்போது இன்னொன்று: மெயின் டக்ட் இருக்கும் வொர்க்செட்டை (மாடலைப் பங்கிட்டு வைத்த தொகுப்பை) வேறொருவர் கையில் வைத்திருந்தால் இணைப்பு மறுக்கப்படும். கிளையை இணைப்பது மெயினையும் அதன் சிஸ்டத்தையும் மாற்றும் வேலை. அதனால் முதலில் சிங்க் செய்துவிட்டு (மைய மாடலோடு ஒத்திசைத்துவிட்டு), அவரிடம் கேட்டு விடுவித்துக்கொள்ளுங்கள்.

3. பழைய நெட்வொர்க் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பாருங்கள்

உடைந்த நெட்வொர்க்கில் எவ்வளவு சரியாக இணைத்தாலும் எண் தவறாகத்தான் வரும். பிறகு தவறு பழையதா புதியதா என்று பிரித்தறிய முடியாது. அதனால் புதிய கோடு ஒன்றுகூட வரையாமல் நான்கு சோதனைகள்.

மெயினின் மேல் கர்சரை வைத்து டேப் விசையை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் தெரிவு விரியும். ஏ.ஹெச்.யூ. முதல் கடைசி டிஃப்யூசர் வரை முழுவதும் ஒளிர வேண்டும். நடுவில் எங்காவது நின்றால், நின்ற இடத்தில்தான் உடைப்பு.

எஃப்9 அழுத்தி சிஸ்டம் பிரவுசரைத் திறந்து, எந்த சிஸ்டத்திலும் சேராதவற்றின் பட்டியலில் உங்கள் தளத்தின் டிஃப்யூசர் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

அனலைஸ் ரிப்பனில் ஷோ டிஸ்கனெக்ட்ஸை இயக்கி டக்டை மட்டும் டிக் செய்யுங்கள். பூட்டப்படாத ஒவ்வொரு முனையிலும் எச்சரிக்கைக் குறி தெரியும்.

நான்காவதாக, சிஸ்டம் டைப்பின் பண்புகளில் கால்குலேஷன்ஸ் என்ன என்று பாருங்கள். பெரிய மாடல்களில் வேகத்துக்காக அதை ‘நன்’ (None, கணக்கு வேண்டாம்) என்று வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் எத்தனை முறை இணைத்தாலும் ஃப்ளோ கணக்கிடப்படாது. இந்த வேலை முடியும்வரை அதை ஆல் என்று மாற்றுங்கள்.

இப்போது ஏ.ஹெச்.யூ.வின் சப்ளை கனெக்டரில் 1200 தெரிய வேண்டும். தெரிந்தால் சிஸ்டத்துக்கு அடையாளம் தெரியும்படி ஒரு பெயர் வைத்துவிடுங்கள். தானாக வந்த ‘மெக்கானிக்கல் சப்ளை ஏர் 1’ போன்ற பெயரோடு விட்டால், பின்னால் இரண்டு சிஸ்டங்கள் ஒன்றாகும்போது எந்தப் பெயர் மிஞ்சியது என்பதே தெரியாது.

4. ஃபேஸை ஒழுங்கு செய்யுங்கள்

ஃபேஸ் என்பது ஒரு பொருள் பழையதா, புதிதாகக் கட்டப்படுவதா என்ற பதிவு. பழைய டக்டுகள் எல்லாவற்றுக்கும் ஃபேஸ் கிரியேட்டட் என்பது எக்சிஸ்டிங் ஆக இருக்க வேண்டும். நீங்கள் வரையும் வியூவின் ஃபேஸ் நியூ கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆக இருக்க வேண்டும். வரையும் பொருளுக்கு ஃபேஸ் கிடைப்பது வியூவிலிருந்துதான். எக்சிஸ்டிங் வியூவில் உட்கார்ந்து வரைந்தால் புதிய கிளையும் பழையதாகப் பதிவாகி, அளவுப் பட்டியலில் புதிய டக்ட் ஒரு மீட்டர்கூட வராது. படம் பார்ப்பதற்குச் சரியாக இருப்பதால் டெண்டர் போகும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

5. எடுக்க வேண்டியதை முதலில் எடுத்துவிடுங்கள்

புதியதை வரைந்துவிட்டுப் பழையதை எடுப்பது என்ற வரிசை வேண்டாம். ரெவிட்டின் சிஸ்டம் கணக்குக்கு ஃபேஸ் தெரியாது. டெமாலிஷ் (இடிப்பு) சுத்தியலால் தட்டிய டிஃப்யூசர் படத்தில் கோடுகோடாகத் தெரிந்தாலும், அதன் 100 லிட்டர் ஏ.ஹெச்.யூ.வின் கணக்கில் தொடரும். நம் உதாரணத்தில் 1400க்குப் பதிலாக 1600 தெரிந்து, ஏ.ஹெச்.யூ. போதவில்லை என்று தேவையில்லாத பீதி கிளம்பும்.

எடுக்கும் முறை இது. ஸ்டோர் அறைக்குப் போகும் கிளையில், வெட்ட வேண்டிய இடத்தில் எஸ்.எல். தட்டி டக்டைப் பிளவுபடுத்துங்கள். பிளந்ததும் ரெவிட் அந்த இடத்தில் யூனியன் ஃபிட்டிங் (இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் துண்டு) ஒன்றைத் தானே வைத்துவிடும். அது மெல்லிய கோடாகத்தான் தெரியும், பலர் கண்ணுக்குப் படுவதே இல்லை. அது இருக்கும்வரை இரண்டு துண்டுகளும் இணைந்தே இருக்கின்றன. அதைத் தெரிவு செய்து நீக்குங்கள்.

பிறகு கழன்ற பகுதியின் டக்ட், எல்போ (வளைவுத் துண்டு), டிஃப்யூசர் எல்லாவற்றையும் டெமாலிஷ் செய்யுங்கள். டக்டை மட்டும் தட்டினால் நடுவில் உள்ள ஃபிட்டிங்குகள் பழையதாகவே அந்தரத்தில் நிற்கும். டேப் விசையால் மொத்தமாகத் தெரிவு செய்துவிட்டு ஃபேஸ் டெமாலிஷ்டு பண்பை ஒரே முறையில் மாற்றுவது பாதுகாப்பு.

இன்னும் வேலை முடியவில்லை. உடலளவில் பிரிந்த பகுதி பெயரளவில் அதே சிஸ்டத்தில்தான் இருக்கிறது. சிஸ்டத்தைத் தெரிவு செய்து டிவைட் சிஸ்டம்ஸ் கொடுங்கள். பிரிந்து வரும் சிஸ்டத்துக்கு ‘இடிப்பு’ என்று சேர்த்துப் பெயரிடுங்கள். இப்போது ஏ.ஹெச்.யூ.வில் 1000 தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள். எங்கோ யூனியன் மிச்சம் இருக்கிறது, அல்லது சிஸ்டம் பிரியவில்லை.

வெட்டிய முனையில் நிற்கும் பழைய டக்டுக்கு கேப் ஓபன் எண்ட்ஸ் மூலம் மூடி போடுங்கள். தளத்தில் யாரோ தகடு வெட்டி அடைக்க வேண்டிய வேலை அது. அதனால் மூடியின் ஃபேஸ் புதியது.

6. இணைக்கும் இடமும் ஜாயின்ட் வகையும்

மெயினில் கிளை எடுக்க டீ, டேப்-ஆஃப் என இரண்டு வழி உண்டு. டீ போட்டால் ரெவிட் பழைய மெயினை இரண்டாக வெட்டி நடுவில் புதிய ஃபிட்டிங்கைச் செருகும். தளத்திலும் அப்படித்தான்: ஓடும் மெயினை நிறுத்தி, ஒரு நீளத்தைக் கழற்றி, புதிய துண்டு போட வேண்டும். டேப்-ஆஃப் (Tap; இனி டேப் என்று மட்டும் வந்தால் இதுதான், டேப் விசை அல்ல) என்றால் மெயினின் பக்கவாட்டில் ஓட்டை வெட்டி காலரை (கிளை பொருந்தும் கழுத்துத் தகட்டை) இறுக்குவது. பழைய கட்டடத்தில் நடைமுறைக்கு ஒத்துவருவது இதுதான், மாடலிலும் மெயின் ஒரே துண்டாக முழுசாக இருக்கும்.

ஆகவே டக்ட் வகையின் எடிட் டைப்பில் ரூட்டிங் பிரிஃபரன்ஸஸ் திறந்து, முன்னுரிமை ஜங்ஷன் டேப் என்று வையுங்கள். மெயினின் டக்ட் வகையிலும் கிளையின் டக்ட் வகையிலும் இரண்டிலுமே வைத்துவிட்டால் சந்தேகம் வராது. பட்டியலில் டேப் ஃபிட்டிங்கே ஏற்றப்படாமல் இருந்தால் இணைப்பு தோற்கும். செவ்வக மெயினில் செவ்வகக் கிளை, செவ்வகக் கிளையில் வட்டக் கிளை, இரண்டுக்கும் தனித்தனி ஃபிட்டிங் வேண்டும்.

கிளையின் உயரம் மெயினின் உயரத்தைவிடக் குறைந்தது 50 மி.மீ. சிறியதாக இருக்கட்டும். நம் மெயின் 300 உயரம், கிளை 250. மேலும் கீழும் 25 மி.மீ. வீதம் தகடு மிஞ்சினால்தான் காலரை மடித்து ரிவெட் அடிக்க முடியும். 300க்கு 300 வரைவதை மென்பொருள் தடுக்காமல் விடலாம், டக்ட் செய்யும் ஆள் விட மாட்டார்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்போ, ரெடியூசர் (டக்டின் அளவு குறையும் துண்டு), ஃபிளேஞ்ச் ஜாயின்ட் (விளிம்புகள் சேரும் இணைப்பு) ஆகியவற்றை விட்டு விலகி நேரான நீளத்தைப் பிடியுங்கள். ஷூ வடிவ டேப் (அடியில் ஒரு பக்கம் சரிவாக விரிந்தது) என்றால் அதன் சரிவுப் பகுதி கிளையின் அகலத்தைத் தாண்டி மெயினில் இடம் எடுக்கும். அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

7. மெயினிலிருந்து தொடங்கி அறையை நோக்கி வரையுங்கள்

அறையில் டிஃப்யூசர்களை வைத்து, அங்கிருந்து மெயினை நோக்கி வருவது பலரின் பழக்கம். அப்படிச் செய்தால் டிஃப்யூசர்கள் முதலில் தங்களுக்கென ஒரு சிஸ்டம் உருவாக்கிக்கொள்ளும். மெயினைத் தொடும்போது இரண்டும் ஒன்றாகி, நீங்கள் கவனமாக வைத்த பெயர் போகலாம். மெயினிலிருந்து தொடங்கினால் கிளை பிறக்கும்போதே மெயினின் சிஸ்டத்தில் பிறக்கிறது.

டி.டி. தட்டி டக்ட் கட்டளையைத் திறங்கள். 400×250 கொடுங்கள். ரிப்பனில் ஆட்டோமேட்டிகலி கனெக்ட், இன்ஹெரிட் எலிவேஷன் இரண்டும் எரிய வேண்டும். இன்ஹெரிட் சைஸ் அணைந்திருக்க வேண்டும். அது எரிந்தால் உங்கள் கிளையும் 800×300 ஆகிவிடும். பண்புகள் பலகையில் சிஸ்டம் டைப் சப்ளை ஏர்தானா என்று ஒரு பார்வை.

மெயினின் மையக்கோட்டில் கர்சர் பிடித்ததும் முதல் கிளிக். விளிம்பில் கிளிக் செய்தால் பிளானில் வித்தியாசமே தெரியாது, ஆனால் டக்ட் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும்.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். மெயினின் மிடில் எலிவேஷன் 3000. டெம்ப்ளேட்டில் முன்பே இருந்த எண் 2750 என்று வைத்துக்கொள்வோம். மெயினின் அடிப்பகுதி 2850, கிளையின் மேற்பகுதி 2875. இரண்டும் உயரத்தில் 25 மி.மீ. மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பக்கவாட்டில் சேர முடியாது, கீழே இறங்கித் திரும்ப இடமும் இல்லை. ரெவிட் ஃபிட்டிங்குக்கு இடமில்லை என்று எச்சரிக்கும், அல்லது இணைக்காமல் விட்டுவிடும். இன்ஹெரிட் எலிவேஷன் எரிந்திருந்தால் கிளையும் 3000இல் போகும், அடிப்பகுதி 2875, தகராறே இல்லை.

8. டேப் விழுந்ததை அருகில் போய்ப் பாருங்கள்

முப்பரிமாண வியூவில் இணைப்பைப் பெரிதாக்குங்கள். ஷூவின் சரிவு காற்று வரும் பக்கம், அதாவது ஏ.ஹெச்.யூ. இருக்கும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மறுபக்கம் திரும்பியிருந்தால் ஃபிட்டிங்கைத் தெரிவு செய்து ஃபிளிப் அம்பால் திருப்புங்கள். இதைக் கவனிக்காமல் போன மாடலிலிருந்து நேராகத் தகடு வெட்டினால், காற்று முதுகைக் காட்டும் காலருக்குள் நுழையத் திணறும்.

அதே ஃபிட்டிங்கின் ஃபேஸ் நியூ கன்ஸ்ட்ரக்‌ஷன்தானா என்று பாருங்கள். மெயின் இன்னும் எக்சிஸ்டிங் ஆகவே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூட்டு உண்மையா என்பதற்கு ஒரு எளிய சோதனை: கிளையைத் தெரிவு செய்து மெயினின் நீளவாக்கில் 100 மி.மீ. நகர்த்துங்கள். டேப்பும் கூடவே மெயின்மேல் வழுக்கிப் போனால் பூட்டு உண்மை. டக்ட் மட்டும் நகர்ந்து டேப் நின்றுவிட்டால், அல்லது டேப்பே இல்லாவிட்டால், தொடுதல் மட்டும்தான் இருந்திருக்கிறது. பார்த்துவிட்டு அன்டூ செய்யுங்கள்.

டேப்பைத் தாண்டியதும் வரும் நேரான பகுதியில் வால்யூம் டேம்பர் (காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மடல்) வையுங்கள். பழைய டிஃப்யூசர்களோடு புதிய கிளையைச் சமன் செய்ய அது இல்லாமல் முடியாது. டேம்பரை வைத்ததும் டக்ட் இரண்டாகப் பிளந்து டேம்பர் நடுவில் உட்கார வேண்டும். டக்டின் மேல் ஒட்டிக்கொண்டு மட்டும் நின்றால் அந்த ஃபேமிலியின் கனெக்டர் சரியில்லை, வேறு ஃபேமிலி எடுங்கள். ஜிப்சம் சீலிங் என்றால் டேம்பருக்கு நேர் கீழே அக்சஸ் பேனல் வேண்டும் என்று கட்டடக் கலைஞருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

9. டிஃப்யூசர்களை இணைத்தல்

சீலிங் 2600இல் இருக்கிறது. டிஃப்யூசரின் கழுத்து அதற்கு மேல் 100 மி.மீ. ஏறி 2700இல் நிற்கிறது. கிளையின் அடி 2875. நடுவில் மிஞ்சுவது 175 மி.மீ. மட்டுமே. 200 மி.மீ. வட்டக் கழுத்துக்கு எல்போ போட வேண்டுமென்றால் அதைவிட அதிக உயரம் வேண்டும். அதனால்தான் டிஃப்யூசரைத் தெரிவு செய்து கனெக்ட் இன்டு கொடுத்ததும் வழி கிடைக்கவில்லை என்று ரெவிட் கைவிரிக்கிறது. டிஃப்யூசர் கிளைக்கு நேர் கீழே இருந்தால் நேராக இறங்கிவிடும். தள்ளியிருந்தால் இறங்காது.

தள்ளியிருக்கும் டிஃப்யூசருக்கு வழி பக்கவாட்டில் இருக்கிறது. வட்ட டக்ட் வகையை எடுத்து, கிளையின் மையக்கோட்டிலிருந்து 200 மி.மீ. விட்டத்தில் பக்கவாட்டாக ஒரு சின்னத் துண்டு வரையுங்கள். கிளையின் உயரம் 250, காலர் 200, பொருந்தும். அந்தத் துண்டின் முனையில் வலது கிளிக் செய்து ஃபிளெக்ஸ் டக்டை (வளையும் டக்டை) தொடங்கி டிஃப்யூசரின் கனெக்டரில் முடியுங்கள். ஃபிளெக்ஸ் 1.5 மீட்டருக்குள் இருக்கட்டும். நீளமும் தொய்வும் கூடினால் அழுத்த இழப்பு வேகமாக ஏறும்.

ஒவ்வொரு டிஃப்யூசருக்கும் ஃப்ளோவில் 100 ஏற்றுங்கள். 200 மி.மீ. கழுத்தில் அது நொடிக்கு 3.2 மீட்டர் வேகம், கூட்ட அறையில் சத்தம் வராது. ஒரு டிஃப்யூசரைச் செய்து முடித்துவிட்டு மற்ற மூன்றையும் காப்பி செய்பவர்கள் கவனிக்க: காப்பி செய்த காலர்கள் கிளையில் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஷோ டிஸ்கனெக்ட்ஸ் எரியவிட்டே காப்பி செய்யுங்கள்.

10. எண்களைச் சரிபார்த்தல்

ஏ.ஹெச்.யூ.வின் சப்ளை கனெக்டரைப் பாருங்கள். தாளில் எழுதிய 1400 வந்ததா? வந்தால் மூன்று உறவும் சரி.

1300 வந்தால் ஒரு டிஃப்யூசர் வெளியே நிற்கிறது. 1000இலேயே நின்றால் கிளை முழுவதும் பூட்டப்படவில்லை. 1600 என்றால் இடிப்பு பிரியவில்லை. மைனஸ் குறியோடு வந்தாலோ, கணக்கிடவில்லை என்று வந்தாலோ, ஏதோ ஒரு ஃபேமிலியில் கனெக்டரின் ஓட்டத் திசை தலைகீழாக இருக்கிறது. சப்ளையில் ஏ.ஹெச்.யூ.வின் கனெக்டர் அவுட், டிஃப்யூசரின் கனெக்டர் இன். ஏ.ஹெச்.யூ.வின் கனெக்டர் ப்ரீசெட் என்று அமைந்திருந்தால் எதைச் சேர்த்தாலும் எண் மாறாது. அதைக் கால்குலேட்டட் ஆக்கி, பெயர்ப்பலகையின் 1500ஐ தனிப் பாராமீட்டரில் வைத்து ஒப்பிடுங்கள்.

புதிய கிளையின் இரு முனைகளும் பழைய மெயினிலேயே சேர்ந்து வளையம் உருவாகிவிட்டாலும் ஓட்டக் கணக்கு நின்றுவிடும். எந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது என்று ரெவிட்டால் தீர்மானிக்க முடியாது. ஒரு முனையைத் துண்டிக்கத்தான் வேண்டும்.

இப்போது அளவு நிர்ணயம். புதிய டக்டுகளை மட்டும் தெரிவு செய்யுங்கள். டேப் விசையால் முழு நெட்வொர்க்கையும் பிடித்துக்கொண்டு சைசிங் கட்டளையைக் கொடுத்தால், இருபது வருடமாகத் தொங்கும் மெயினையும் சேர்த்து ரெவிட் புது அளவுக்கு மாற்றிவிடும். உராய்வு முறையில் மீட்டருக்கு 0.8 பாஸ்கல் கொடுத்து, உயரத்தை 250இல் கட்டுப்படுத்துங்கள். கிளையின் முதல் பகுதியில் 400 லிட்டர், 400×250இல் நொடிக்கு 4 மீட்டர், இழப்பு மீட்டருக்குச் சுமார் 0.6 பாஸ்கல். இரண்டு டிஃப்யூசர்களைத் தாண்டியதும் 200 லிட்டர்தான், அங்கே 250×250 போதும்.

மெயினை மாற்ற முடியாது என்பதால் அதன் நிலையை மட்டும் பாருங்கள். ஏ.ஹெச்.யூ.வை ஒட்டிய முதல் நீளத்தில் 1200 போனபோது வேகம் 5 மீட்டர். 1400 போகும்போது 5.8. காற்றோட்டம் ஆறில் ஒரு பங்கு கூடினால் அழுத்த இழப்பு ஏறத்தாழ 36 சதவீதம் கூடும், ஏனென்றால் இழப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவது. 1500க்குள் இருக்கிறோம் என்று நிம்மதி அடைவதற்கு முன், விசிறியின் வெளி அழுத்தத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பெயர்ப்பலகையைப் பார்த்துவிட வேண்டும்.

11. அடிக்கடி வரும் தடங்கல்கள்

ஃபிட்டிங்குக்கு இடமில்லை என்ற எச்சரிக்கை: உயர வித்தியாசம், அல்லது அருகில் வேறொரு ஃபிட்டிங். செக்‌ஷன் வெட்டிப் பாருங்கள். பிளானில் இதற்கு விடை கிடைக்காது.

சப்ளை கிளை ரிட்டர்ன் மெயினில் (அறைக் காற்றைத் திரும்ப எடுக்கும் டக்டில்) சேர மறுப்பது: சிஸ்டம் வகைப்பாடு வேறு. பெரும்பாலும் வரையும்போது தவறான சிஸ்டம் டைப் தெரிவாகியிருக்கும். மாட்டவே மாட்டேன் என்கிறதே என்று கனெக்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்காமல், கிளையின் சிஸ்டம் டைப்பை முதலில் பாருங்கள். சில நேரம் நீங்கள் பிடித்த மெயினே தவறாக இருக்கும். பழைய கட்டடங்களில் சப்ளையும் ரிட்டர்னும் அடுத்தடுத்து ஒரே அளவில் ஓடும்.

இணைந்த பிறகு பழைய மெயினின் நிறம் மாறுவது: வியூ ஃபில்டர் சிஸ்டம் பெயரை வைத்து எழுதப்பட்டிருக்கும், பெயர் மாறியிருக்கும். ஃபில்டரைத் திருத்தாமல் பெயரைத் திருத்துங்கள்.

புதிய கிளையில் இன்சுலேஷன் இல்லாதது: மெயினின் இன்சுலேஷன் கிளைக்குத் தானாக வராது. டேப் ஃபிட்டிங் உட்பட எல்லாவற்றையும் தெரிவு செய்து ஒரே முறையில் 25 மி.மீ. ஏற்றுங்கள். ஃபிட்டிங்கை விட்டுவிட்டால் மாடலில் ஒரு சின்ன இடைவெளிதான். தளத்தில் அதே இடத்தில் நீர் வியர்த்து சீலிங்கில் கறை படியும்.

12. படத்தில் காட்ட வேண்டியது

இணைப்புப் புள்ளியை அருகிலுள்ள தூணின் முகத்திலிருந்து மில்லிமீட்டரில் அளந்து குறியுங்கள். அங்கே மெயினின் அளவு, அடிமட்ட உயரம், கிளையின் அளவு, 400 லிட்டர்/நொடி என்ற எண், நான்கும் ஒரே குறிப்பில் இருக்கட்டும். ஏணியில் ஏறி சீலிங்கைத் திறந்து பழைய தகட்டில் ஓட்டை வெட்டப் போகிறவர் பார்ப்பது அந்தக் குறிப்பை மட்டும்தான். வெட்டுவதற்கு முன் தளத்தில் அளந்து உறுதி செய்யவும் என்று அதன் கீழேயே எழுதுங்கள். மூடி போட்ட முனைக்கும் இதே போல ஒரு குறிப்பு வேண்டும். அது விடுபட்டால் ஸ்டோர் அறைப் பக்கம் டக்ட் வாய் திறந்தபடி இருக்கும், கூட்ட அறைக்குப் போக வேண்டிய காற்று சீலிங்குக்கு மேலேயே கொட்டிக்கொண்டிருக்கும்.